பின்சீட்டில் முப்பது முட்டை

கொல்லிமலைக்கு ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கவும் அதே எழுபதுதான். ஏறும்போது யாரும் எண்ணுவதில்லை. இறங்கும்போது எண்ணாதவர் கிடையாது.

மலைமேல் செம்மேட்டில் வசந்தாமணியின் பட்டறை இருந்தது. கார்களுக்கு பிரேக் வேலை மட்டும்தான் பார்ப்பாள்.

"எஞ்சின் கெட்டா வண்டி நின்னுரும். நின்னா நல்லதுதானுங்க. நிக்காத வண்டியை எங்கிட்டக் கொண்டாங்க" என்பாள்.

வயது முப்பத்தாறு. கோயம்புத்தூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டு வருடம் இருந்து தொழில் கற்றவள். அவளிடம் ஒரே ஒரு சீடர். பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தேழு.

ஊரார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சென்னியப்பனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அதனால் அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை.

அவர் நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டியவர். இருபத்திரண்டு வருடம் கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போனார். முட்டை லாரிக்காரர்கள் பிரேக்கை மிதிப்பதில்லை, பிரேக்கிடம் கேட்டுக்கொள்வார்கள். எதிரே மாடு தெரிந்தால் மற்றவர்கள் மாட்டின் அருகே போய் மிதிப்பார்கள். சென்னியப்பன் மாடு கன்றாக இருந்த காலத்திலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார் என்று சக டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

"லோடு எறக்கறப்ப ஒண்ணு ரெண்டு ஒடைஞ்சிருந்தா, அது கோழி செஞ்ச தப்பு" என்பார் அவர். சொல்லும்போது முகத்தில் பெருமை தெரியும். நியாயமான பெருமைதான்.

மனைவி இறந்த பிறகு லாரியை விட்டார். ஒரே மகள் மேகலாவுக்குச் செம்மேடு தபால் ஆபீசில் வேலை. அவளோடு இருக்க மலைக்கு வந்தார். சும்மா உட்கார்ந்து சாப்பிட மனம் ஒப்பவில்லை. லாரி பிரேக்கைத் தானே கழற்றி மாட்டிய பழக்கம் இருந்ததால் நேராக வசந்தாமணியிடம் போனார்.

"கார் பிரேக் கத்துக் குடுங்க அம்மிணி" என்றார். வயதில் சின்னவள் என்பதால் அம்மிணி, தொழிலில் குரு என்பதால் 'ங்க'. இரண்டிலும் அவர் குறை வைத்ததில்லை.

இது நடந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

அந்த வியாழக்கிழமை சென்னியப்பன் தன் மகளுடைய காருக்குப் பிரேக் ஆயில் மாற்றினார். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மேகலா அந்தக் காரை ஓட்டிக்கொண்டு நாமக்கல் இறங்க வேண்டும். நாத்தனாருக்கு வளைகாப்பு. மாமியாரும் ஏழு மாதக் குழந்தையும் கூட வருகிறார்கள். அதனால் மகள் வண்டியை யாரிடமும் விடாமல் தானே செய்வதாகச் சொன்னார்.

அங்கேதான் தப்பு நடந்தது.

லாரிக்குக் காற்று பிரேக். எஞ்சின் ஓடினால் போதும், காற்றுத் தொட்டி தானாக நிரம்பும். காருக்கு ஆயில் பிரேக். மேலே சின்னதாக ஒரு குடுவை இருக்கும். அதை மனிதன்தான் நிரப்ப வேண்டும். சென்னியப்பன் சக்கரத்தருகே குனிந்து, பழைய ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே குடுவை காலியானது. இருபத்திரண்டு வருடம் தானே நிரம்பும் தொட்டியோடு வாழ்ந்தவருக்கு அதை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஆயில் போக வேண்டிய குழாயில் காற்று போய்விட்டது.

அவர் அதை மறைக்கவில்லை. வசந்தாமணியிடம் போய்ச் சொன்னார். அவளும் திட்டவில்லை. ஆயில் ஊற்றி, அவள் பெடலை மிதிக்க, அவர் ஒவ்வொரு சக்கரமாக ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடிக் காற்றை வெளியேற்றினார். பிறகு வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னியப்பன்தான் முதலில் காரில் ஏறினார். பெடலை மிதித்தார். அது பாதி தூரத்துக்கு மேல் கீழே போனது. உடனே மறுபடி மிதித்தார். இந்த முறை மேலேயே நின்றது.

வசந்தாமணி வந்ததும் கேட்டார். "அம்மிணி, நாலு வீல்லயும் மறுக்கா ஏர் எடுத்துப் பாத்துட்டேன். ஒரு குமிழிகூட வரலீங்க. அப்பறம் ஏன் மொத மிதிக்குப் பெடல் கீழ போகுது?"

"ரெண்டாவது மிதிக்கு?"

"கல்லாட்டம் நிக்குதுங்க."

"வளைவுல ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்குமாங்ணா?"

சென்னியப்பன் முன்னால் போய்ப் பானெட்டைத் திறந்தார். உள்ளே, சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பெட்டி இருந்தது, உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியக் கட்டி. ஏழெட்டுக் குழாய்கள் அதற்குள் போய் வந்தன. அதன்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்ணா கேக்கறீங்க?"

"காத்து இருந்தா சீத்துனு ஒரு சத்தம் வருமே."

"லாரியில அது வெளிய போற காத்து. சத்தம் போட்டுட்டுப் போகும். இது உள்ள உக்காந்துட்ட காத்து. மூச்சு விடாது."

"எங்க உக்காந்திருக்கு?"

வசந்தாமணி அந்தக் கட்டியைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்குங்ணா. சாதாரணமா மிதிச்சா ஆயில் வாசலோட போயிரும், அந்தக் கதவுக திறக்காது. வீல் வழுக்கிச்சுன்னாத்தான் பெட்டி முழிச்சுக்கும். பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சு விடும். கதவுக அப்பத்தான் திறக்கும். நேத்துக் குடுவை காலியானப்ப போன காத்து அதுக்குப் பின்னால இருக்குது."

"நாம மிதிச்சு எடுத்தா வராதா?"

"நூறு தடவை எடுத்தாலும் வராது."

"கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதை மாட்டினாக் கதவு திறக்கும்னீங்க."

"முன்னாலயே ஒரு தடவை மாட்டிப் பாத்திருக்கேன். உங்க மக வண்டி பழசு. அதும் இதும் பேசிக்க மாட்டேங்குது."

சென்னியப்பன் பானெட்டை மெதுவாக இறக்கினார். அவருக்குப் பகீரென்று இருந்தது. பிரேக் கெட்ட வண்டியை அவர் பார்த்ததுண்டு. தன் கையால் கெட்ட வண்டி இதுதான் முதல்.

"அம்மிணி, மத்தியானம் என் பொண்ணு இந்த வண்டியில எறங்கலாமா?"

வசந்தாமணி சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "வாங்க. ஓட்டுங்க" என்றாள்.

சந்தை மைதானம் பக்கத்தில்தான். சந்தை இல்லாத நாளில் அங்கே ஆள் இருக்காது. தட்டையான இடம், தரை முழுக்கச் சரளை. வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கில் கை வைத்துக்கொண்டாள்.

"முப்பதுல போங்க. நான் டேஷ்போர்டைத் தட்டினதும் ஓங்கி மிதிங்க. வீல் சரளையில வழுக்கணும், அப்பத்தான் அந்தக் கதவுக திறக்கும்."

"ஆகட்டுமுங்க."

அவர் முப்பதில் போனார். அவள் தட்டினாள். கார் நின்றது. தரையில் ஒரு கல்கூட இடம் மாறவில்லை.

"ஓங்கி மிதிங்கங்ணா."

"மிதிச்சேனுங்களே."

"இன்னொரு தடவை."

மறுபடி போனார். அவள் தட்டினாள். கார் பூப்போல நின்றது.

"வேகம் பத்தலீங்களா?"

"வேகம் பத்தும். கால்தான் பத்தலை."

மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். நான்காவது தடவை "முருகா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு மிதித்தார். சத்தம் பலமாக வந்தது, மிதி வரவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு முறையும் அவர் ஓங்கி மிதித்துவிட்டதாகவே மனசார நம்பினார். ஒவ்வொரு முறையும் அவருடைய கால் கடைசி நொடியில் தானாக இளகியது. வசந்தாமணி அடுத்த முறைக்குத் தட்டினாள்.

ஒன்பதாவது முறை முடிந்ததும் அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"காலி வண்டிதான். ஆளில்லாத எடந்தான். எல்லாம் தெரியுதுங்க அம்மிணி. கால் கேக்க மாட்டேங்குது."

மணி பதினொன்று ஆகிவிட்டது.

வசந்தாமணி இறங்கினாள். மைதானத்தின் ஓரத்திலிருந்த மளிகைக் கடைக்கு நடந்து போய், ஒரு தட்டு முட்டை வாங்கி வந்தாள். முப்பது முட்டை. பின்கதவைத் திறந்து, தட்டைச் சீட்டின் நடுவில் வைத்தாள். கயிறு கட்டவில்லை, துணி சுற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பப் போங்க."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. தெரிந்த பாடத்தில் கேள்வி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணு ஒடைஞ்சா என் பேரை மாத்திக்கறேன்" என்றார்.

முப்பதில் போனார். அவள் தட்டினாள். கார் நின்றது. நின்றது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, அப்படி நின்றது. சென்னியப்பன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து எண்ணினார்.

"பாத்தீங்களா அம்மிணி!"

வசந்தாமணியும் எட்டிப் பார்த்து எண்ணினாள். "முப்பதும் முழுசா இருக்கு" என்றாள்.

"இருக்குமுங்க."

"காத்தும் முழுசா உள்ளயே இருக்கு."

சென்னியப்பனுடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கதவைப் பிடித்தபடி தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேகலா எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"மூணுக்கு."

"பின்சீட்டுல யாரு வாராங்க?"

"சம்பந்தியம்மா. பேரன் அவங்க மடியில."

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தாள்.

சென்னியப்பன் முட்டைத் தட்டை எடுத்து வெளியே வைக்கக் கை நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்து, வண்டியை மைதானத்தின் கோடி வரை பின்னால் எடுத்தார். இந்த முறை அவர் முப்பதில் போகவில்லை, நாற்பதில் வந்தார்.

அவள் தட்டினாள்.

சரளை இரண்டு பக்கமும் சிதறியது. காலுக்கடியில் பெடல் டரடரவென்று உதைத்தது. முன்னால் எங்கோ இரும்பு முறுமுறுத்தது. பின்சீட்டுத் தட்டு பறந்து வந்து முன்சீட்டில் மோதிக் கவிழ்ந்தது. சென்னியப்பன் பயந்து காலை எடுத்துவிட்டார்.

"ஐயோ, என்னமோ ஒடைஞ்சு போச்சு!"

"முட்டைதான் ஒடைஞ்சுது. பெட்டி முழிச்சுக்கிச்சு. அது அப்படித்தான் ஒதறும். ஒதறினாக் காலை எடுக்காதீங்க, மிதிச்ச மிதியிலயே இருங்க. இன்னும் நாலு தடவை."

அவர் நான்கு தடவை மிதித்தார். மஞ்சள் கரு சீட்டில் வழிந்தது, காலடி ரப்பர் விரிப்பில் ஓடியது, வசந்தாமணியின் பின்னல் வரை தெறித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் காலை எடுக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் காரைத் தூக்கி நிறுத்தி, மறுபடி நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் பாட்டிலுக்குள் விட்டார்கள். வசந்தாமணி பெடலை மிதிக்க உள்ளே உட்கார்ந்தாள். முதலில் வெறும் ஆயில் வந்தது. பிறகு குபுக்கென்று ஒரு பெரிய குமிழி வந்தது. அதன் பின்னால் சின்னக் குமிழிகள் கூட்டமாக வந்தன.

"வருதுங்க அம்மிணி! வருது!" என்று கீழேயிருந்து கத்தினார் சென்னியப்பன்.

"குடுவை?"

"பாத்துட்டேன். நிறைஞ்சிருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு முறை எழுந்து போய் எட்டிப் பார்த்தார்.

குமிழி நின்றதும் வண்டியை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துச் சென்னியப்பன் காரில் ஏறி, பெடலை ஒரே ஒரு முறை மிதித்தார். அது மேலேயே நின்றது. இறங்கினார். பத்து நிமிடம் பட்டறையைச் சுற்றி நடந்தார். மறுபடி ஏறி ஒரே ஒரு முறை மிதித்தார். நின்றது. அப்புறம்தான் சோப்புத் தண்ணீர் கொண்டு வந்து சீட்டைக் கழுவ ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு மேகலா வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் பட்டுப்புடவையில் மாமியார்.

"என்னப்பா, வண்டியெல்லாம் முட்டை நாத்தம் அடிக்குது?"

"அது ஒண்ணுமில்ல கண்ணு. கொழந்தையை அத்தைகிட்டக் குடு. அவங்க இங்க பெஞ்சுல உக்காரட்டும். நீ மட்டும் வா, அஞ்சு நிமிசம்."

மாமியார் மூக்கில் முந்தானையை வைத்தபடி உட்கார்ந்தார். அப்பாவும் மகளும் சந்தை மைதானத்துக்குப் போனார்கள்.

"நாப்பதுல போ. நான் சொன்னதும் ஓங்கி மிதி" என்றார் சென்னியப்பன்.

மேகலா போனாள். அவர் சொன்னார். கார் பூப்போல நின்றது.

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். டேஷ்போர்டில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நிறுத்து என்று ஆறு மாதம் பழக்கியிருந்தார்.

"இப்படியில்ல. ஓங்கி மிதி கண்ணு."

"ஓங்கி மிதிக்கறவன் டிரைவரே இல்லைன்னு நீங்கதானப்பா சொன்னீங்க."

"அது முட்டைக்குச் சொன்னது."

மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் அவள் கால் இளகியது. மூன்றாவது தடவை அவர் எதிர்பாராமல் "மிதி!" என்று கத்தினார். அவர் அவளிடம் கத்தியதே இல்லை. மேகலா அலறிக்கொண்டு மிதித்தாள். சரளை சிதறியது, பெடல் உதறியது.

"எடுக்காத! காலை எடுக்காத! அது அப்படித்தான் ஒதறும்!"

அவள் எடுக்கவில்லை. கார் நின்றதும் மூச்சு வாங்கினாள், பிறகு சிரித்தாள். இன்னும் இரண்டு தடவை மிதிக்கச் சொல்லிவிட்டுத்தான் அவளைப் பட்டறைக்கு அழைத்து வந்தார்.

வசந்தாமணி பெடலைத் தானும் ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். மாமியாரும் குழந்தையும் பின்சீட்டில் ஏறினார்கள். மூன்றேகாலுக்குக் கார் புறப்பட்டது.

சென்னியப்பன் பட்டறை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு ஒரு வண்டி வேலைக்கு வந்தது. வசந்தாமணி அவரைக் கூப்பிடாமல் தானே பார்த்தாள். இப்போது பத்தாவது வளைவு வந்திருக்கும், இப்போது முப்பதாவது என்று அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் எண்ணிக்கை தப்பியது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நாலேகாலுக்கு மேலே போன் அடித்தது.

"மலை எறங்கிக் காரவள்ளி வந்துட்டோம்பா. கீழ டீக்கடையில நிக்கறோம்."

"பிரேக் எப்படி?"

"நல்லாருக்கு. ஒரு வளைவுல பஸ் திடீர்னு இந்தப் பக்கமே ஏறி வந்துருச்சுப்பா. ஓங்கி மிதிச்சுட்டேன்."

"அப்பறம்?"

"நின்னுருச்சு. கொழந்தை முழிச்சுக்கிட்டு அழுதான், அவ்வளவுதான்."

சென்னியப்பன் போனை வைத்துவிட்டு எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, எதிர்க் கடையில் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை வசந்தாமணியிடம் கொடுத்தார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்கங்ணா."

"காலி வண்டியிலயே என்னை எப்படியாவது மிதிக்க வெச்சிருக்கலாமே. அத்தனை முட்டையைப் பின்னால வெச்சு எதுக்கு ஒடைக்க வெச்சீங்க?"

வசந்தாமணி டீயை ஒரு வாய் குடித்தாள்.

"அது காலி வண்டின்னு யாருங்ணா சொன்னது? மொத ஒம்பது தடவையும் பின்சீட்டுல முட்டை இருந்துச்சு. உங்க கண்ணுக்கும் தெரியட்டும்னுதான் நான் ஒரு தட்டு வாங்கி வெச்சேன்."